ஸ்டோரேஜ் வேலைக்கு மாறலாமா? பெங்களூரில் இருக்கும் ஜாவா பொறியாளருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. பெங்களூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நாலு வருஷமாக ஜாவா, ஸ்பிரிங் பூட் வேலை. இப்போது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஸ்டோரேஜ் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு. எல்லாரும் கிளவுடுக்குப் போய்விட்ட பிறகு இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா, இந்த வயதில் சி மொழியைக் கற்கத்தான் வேண்டுமா, எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதிர்காலம் உண்டு. கிளவுடும் கடைசியில் டிஸ்க்கில்தான் எழுதுகிறது. 2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 வந்தபோது வாடிக்கையாளர் கண்ணிலிருந்து டிஸ்க் மறைந்தது, அவ்வளவுதான். டிஸ்க் சாவது, நெட்வொர்க் அறுவது, பாதி எழுதும்போது கரண்ட் போவது எல்லாம் அப்படியே இருக்கின்றன; அந்தத் தலைவலியைச் சம்பளத்துக்குச் சுமப்பவர்கள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். போதாததற்கு இப்போது ஏஐ. விலையுயர்ந்த ஜிபியுக்கள் ஆயிரக்கணக்கில் டேட்டாவுக்காகக் கைகட்டி நிற்கக்கூடாது, செக்பாயின்ட் (மாடல் அதுவரை கற்றதைப் பத்திரப்படுத்தும் பதிவு) எழுதும் நேரத்தில் பயிற்சி நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே தனி டீம்கள் உருவாகியிருக்கின்றன.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். ஸ்டோரேஜ் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல வேலைகள் இருக்கின்றன. அடியில் எஸ்எஸ்டி ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்: சாம்சங் செமிகண்டக்டர், சான்டிஸ்க் போன்ற இடங்கள். அதற்கு மேலே ஃபைல் சிஸ்டமும் ஸ்டோரேஜ் ஓஎஸ்ஸும்: நெட்ஆப், டெல், எச்பிஇ. பிறகு பல மெஷின்களைச் சேர்த்து ஒரே சேமிப்பாகக் காட்டும் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்டோரேஜ்: நுடானிக்ஸ், ஐபிஎம்மில் செஃப் (Ceph) என்ற ஓப்பன் சோர்ஸ் ஸ்டோரேஜ் வேலை. பேக்கப் பக்கம் கோஹெசிட்டி, ரூப்ரிக். இவை எல்லாவற்றுக்கும் பெங்களூரில் ஆபீஸ் உண்டு. கடைசியாக, எல்லாக் கம்பெனிகளிலும் கன்ட்ரோல் பிளேன் என்று ஒன்று இருக்கும்: யூஐ, ரெஸ்ட் ஏபிஐ, லைசென்ஸ், குபர்நெட்டிஸ் இணைப்பு, அலர்ட் அனுப்புவது.

ஜாவா ரெஸ்யூமேவுக்கு எளிதாகத் திறக்கும் கதவு இந்தக் கடைசிக் கதவுதான். நல்ல வேலை, சம்பளத்திலும் குறை இருக்காது. ஆனால் ஸ்டோரேஜ் கம்பெனியின் ஐடி கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஐந்து வருஷம் ஒரு ரைட் (டேட்டாவை எழுதச் சொல்லும் கோரிக்கை) எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாமல் இருந்துவிட முடியும். அடுத்த இன்டர்வியூவில் அது பல்லிளித்துவிடும். கம்பெனி பெயரைவிட டீம் முக்கியம் என்று எல்லாத் துறையிலும் சொல்வார்கள். இங்கே அது இரண்டு மடங்கு உண்மை.

கம்பெனியும் ப்ராடக்டும் வரும் போகும் என்பதற்குப் பெங்களூரிலேயே உதாரணம் உண்டு. குளஸ்டர்எஃப்எஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபைல் சிஸ்டத்தின் வேலை பெரும்பங்கு இங்கேதான் நடந்தது. 2011ல் ரெட் ஹாட் அந்தக் கம்பெனியை 136 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இன்று அந்த ப்ராடக்டை யாரும் புதிதாக வாங்குவதில்லை. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி பிறகு மினியோ என்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜைத் தொடங்கினார். ப்ராடக்ட் போனாலும் கற்றது போவதில்லை.

சரி, அப்படி என்ன கற்க வேண்டியிருக்கிறது? இந்த வேலையின் சாரம் ஒரு வாக்கு. "எழுதியாயிற்று" என்று அப்ளிகேஷனிடம் ஒரு தரம் சொல்லிவிட்டால், அடுத்த நொடி கரண்ட் போனாலும் அந்த டேட்டா திரும்பக் கிடைக்க வேண்டும். வேகம், கம்ப்ரஷன், டீடூப் (ஒரே டேட்டாவை இரண்டு தரம் வைக்காமல் தவிர்ப்பது) எல்லாம் அதற்குப் பிறகு.

ஜாவாவில் ஒரு ஸ்ட்ரீமுக்கு ஃப்ளஷ் கொடுத்தால் டேட்டா ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பேஜ் கேச் வரைதான், அதாவது மெமரி வரைதான் போகும். டிஸ்க்குக்குப் போக ஃபைல்சேனலில் ஃபோர்ஸ் கொடுக்க வேண்டும். அதுதான் அடியில் எஃப்சிங்க் (டேட்டாவை டிஸ்க்குக்குத் தள்ளச் சொல்லும் ஆபரேட்டிங் சிஸ்டம் அழைப்பு) ஆகிறது. இப்போது ஒரு கான்ஃபிக் ஃபைலைப் பத்திரமாக மாற்றி எழுதப் பாருங்கள். தற்காலிகப் பெயரில் புது ஃபைலைத் திறந்து எழுத வேண்டும். அதற்கு எஃப்சிங்க். பழைய பெயருக்கு ரீநேம். பிறகு அந்த டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். நாலு படி. முதல் எஃப்சிங்க்கை விட்டால், பெயர் மாறியிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. 2009 வாக்கில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் பரவத் தொடங்கியபோது கிராஷுக்குப் பிறகு பலர் வீட்டு லினக்ஸில் செட்டிங்ஸ் ஃபைல்கள் ஜீரோ பைட்டாகக் கிடந்தது இதனால்தான். கடைசி எஃப்சிங்க்கை விட்டால் ரீநேமே நடக்காதது போலப் பழைய ஃபைல் திரும்பி வரலாம். தனி மெஷினில் அது பெரிய விஷயமில்லை. "நான் மாற்றிவிட்டேன், நீ பழையதை அழித்துவிடு" என்று இன்னொரு நோடிடம் (கூட்டத்தில் உள்ள வேறொரு மெஷினிடம்) ஏற்கெனவே சொல்லியிருந்தால் டேட்டா போயே போச்சு.

எஃப்சிங்க் எரர் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? திரும்ப முயற்சி செய்வேன் என்பதுதான் பேக்எண்ட் பழக்கத்தில் உடனே வரும் பதில். அது தவறு. எழுத முடியாத பேஜை லினக்ஸ் "சுத்தம்" என்று குறித்துவிட்டு எரரை ஒரு முறைதான் சொல்லும். இரண்டாம் எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும், டேட்டா மட்டும் டிஸ்க்கில் இருக்காது. இருபது வருஷம் ஓடிய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்கூட இதை 2018ல்தான் கண்டுபிடித்தது. இப்போது அது எஃப்சிங்க் தோற்றால் தானே பானிக் ஆகி விழுந்து, ரைட்-அஹெட் லாகிலிருந்து (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) மீண்டு எழுகிறது. வேண்டுமென்றே விழுவது சரியான டிசைன் என்பதை ஏற்றுக்கொள்ளச் சிலருக்கு மாதங்கள் ஆகும்.

இன்னொரு வகை, டிஸ்க் பொய் சொல்வது. 100ஆம் பிளாக்கில் எழுதச் சொன்னதை 200ஆம் பிளாக்கில் எழுதிவிட்டு சரி என்று சொல்லும். ஒவ்வொரு பிளாக்கோடும் அதன் செக்சம்மையும் (உள்ளே இருப்பதிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) ஒட்டிவைத்தால் போதும் என்று நினைப்போம். போதாது. 100ல் இருக்கும் பழைய டேட்டாவும் அதன் பழைய செக்சம்மும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும். அதனால்தான் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் செக்சம்மைப் பிளாக்கிலேயே வைக்காமல், அதைச் சுட்டும் மேல்நிலை பாயின்டரில் வைக்கிறது. வேறு சில சிஸ்டங்கள் பிளாக் முகவரியையும் செக்சம் கணக்கில் சேர்க்கின்றன.

ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா பிழைக்கச் செய்யும் முறை) பற்றிப் படிக்கும்போது டிஸ்க்குகள் தனித்தனியாகச் சாகும் என்று ஒரு அனுமானம் அடியில் ஓடுவதைக் கவனியுங்கள். 2019 நவம்பரில் எச்பிஇ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: குறிப்பிட்ட சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்கள், ஃபர்ம்வேரை மேம்படுத்தாவிட்டால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளே இருப்பதையும் மீட்க முடியாது. 2-ன் 15ஆம் அடுக்கு அந்த எண். மூன்று வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் ஒரே ரேக்கில் ஏற்றிய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே வேளையில் போகும் என்றால் எத்தனை பேரிட்டி (தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க வைக்கும் கூடுதல் டேட்டா) வைத்தும் பயனில்லை. வெவ்வேறு பேட்ச் டிஸ்க்குகளைக் கலந்து போடுவது, ஃபர்ம்வேர் அப்டேட்டை ஒரே இரவில் எல்லா நோடிலும் ஏற்றாமல் இருப்பது போன்ற பழக்கங்கள் இப்படிப்பட்ட அடியில்தான் வந்தவை.

கணக்குப் போடும் பழக்கமும் வேண்டும். 20 டெராபைட் டிஸ்க் ஒன்று போய்விட்டது, மாற்று டிஸ்க்கில் நொடிக்கு 250 எம்பி எழுத முடியும் என்றால், வேறு எந்த வேலையும் இல்லாமலே ரீபில்டுக்கு (போன டேட்டாவை மாற்று டிஸ்க்கில் மறுபடி எழுத) 22 மணி நேரம். வாடிக்கையாளரின் லோடும் சேர்ந்தால் பல நாள். அந்த இடைவெளியில் ஒற்றைப் பேரிட்டி மட்டும் இருந்தால் இன்னொரு டிஸ்க் போனாலே ஆட்டம் முடிந்தது. மூன்று பிரதி வைத்தால் 3 மடங்கு இடம். 10+4 என்ற எரேஷர் கோடிங்கில் (10 டேட்டாத் துண்டோடு 4 பேரிட்டித் துண்டு) 1.4 மடங்குதான். ஆனால் தொலைந்த ஒரு துண்டை மீட்க வேறு 10 துண்டுகளை நெட்வொர்க் வழியாகப் படிக்க வேண்டும். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும், என்விஎம்இ ஃபிளாஷில் ஒரு 4 கேபி ரீடுக்கு நூறு மைக்ரோசெகண்ட் சுமார், மெமரிக்கு நூறு நானோசெகண்ட் சுமார். இந்த மூன்று எண்ணும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

சி மொழி விஷயம். ஃபர்ம்வேர், கர்னல், பழைய ஸ்டோரேஜ் ஓஎஸ் எல்லாம் சி. டிஸ்ட்ரிபியூட்டட் பக்கம் சி++ அதிகம். கன்ட்ரோல் பிளேன் கோ அல்லது ஜாவா. ரஸ்ட் மெல்ல வருகிறது. எஸ்3-யின் அடித்தட்டில் ஷார்ட்ஸ்டோர் என்ற பகுதி ரஸ்டில் எழுதியது. நீங்கள் முதலில் சி-யில் தேறுங்கள், மற்றவை அதற்குப் பின் எளிது. த்ரெட், லாக், மெமரி மாடல் எல்லாம் ஜாவாவில் ஒழுங்காகக் கற்றிருந்தால் அது வீணாகாது. புதிதாக வருவது இரண்டு: யார் எந்த மெமரியை விடுவிப்பது என்ற ஒழுக்கம், ஒரு கோர் டம்ப்பை (ப்ரோக்ராம் விழுந்த கணத்தின் மெமரி நகல்) ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து, சிதைந்த ஸ்ட்ரக்சரைப் பார்த்துப் பின்னோக்கி யோசிப்பது. இரண்டாவதைச் சொல்லித் தரும் கோர்ஸ் எதையும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். செய்து பழகினால்தான் வரும்.

பழகுவதற்கு ஒரு ப்ராஜெக்ட் போதும், மாலை வேளைகளில் மூன்று மாதம் ஆகும். சி-யில் ஒரு சின்ன கீ-வேல்யூ ஸ்டோர் எழுதுங்கள். எல்லா மாற்றமும் முதலில் ரைட்-அஹெட் லாகில். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னால் நீளம், வரிசை எண், சிஆர்சி என்ற செக்சம். ரிகவரியில் லாகை முதலிலிருந்து படித்து, சிஆர்சி தவறும் முதல் ரெக்கார்டில் நிறுத்துங்கள். அப்போது ஒரு கேள்வி எழும்: தவறிய ரெக்கார்டு லாகின் வாலில் இருந்தால் அது பாதியில் நின்ற ரைட், தூக்கிப் போடலாம். நடுவில் இருந்து, அதற்குப் பின்னால் நல்ல ரெக்கார்டுகள் இருந்தால்? அது டிஸ்க் கெட்டது. அங்கே அமைதியாக நிறுத்தினால் ஏற்கெனவே வாக்குக் கொடுத்த டேட்டாவை நீங்களே அழிக்கிறீர்கள். இந்த இரண்டையும் பிரித்துக் கையாள வழி கண்டுபிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து வேகம். ஒவ்வொரு புட்டுக்கும் (ஒரு கீயை எழுதுவதற்கும்) ஒரு எஃப்சிங்க் போட்டால், சாதாரண லேப்டாப் எஸ்எஸ்டியில் ஒரு எஃப்சிங்க்குக்கு ஒரு மில்லிசெகண்ட் என்றே வைத்துக்கொண்டாலும், நொடிக்கு ஆயிரம்தான். பல த்ரெட்களின் ரெக்கார்டுகளைச் சேர்த்து ஒரே எஃப்சிங்க்கில் அனுப்பும் குரூப் கமிட் எழுதுங்கள். டேட்டா சென்டர் எஸ்எஸ்டிகளில் கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் கபாசிட்டர்கள் உண்டு, அதனால் அங்கே எஃப்சிங்க் பல மடங்கு வேகம். லேப்டாப்பில் எடுத்த எண்ணைச் சர்வருக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

சோதிக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, ப்ராசஸை கில் -9 கொடுத்துக் கொன்றுவிட்டு, டேட்டா பத்திரமாக இருக்கிறது என்று மகிழ்வது. ப்ராசஸ் செத்தாலும் பேஜ் கேச் கர்னலில் உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் எஃப்சிங்க்கே எழுதாமல் விட்டிருந்தாலும் இந்தச் சோதனை பாஸ் ஆகும். ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டி, அந்த மெஷினையே ஷட்டவுன் இல்லாமல் பட்டென்று நிறுத்துங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் லினக்ஸ் டிவைஸ் மேப்பரில் டிஎம்-ஃப்ளேக்கி, டிஎம்-லாக்-ரைட்ஸ் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டாவது, எழுதிய ஒவ்வொன்றையும் வரிசையாகப் பதிந்து, எந்தப் புள்ளியில் கரண்ட் போயிருந்தால் டிஸ்க் எப்படி இருந்திருக்கும் என்று திரும்ப ஓட்டிக் காட்டும்.

டிஸ்க்கின் வேகத்தை அளவெடுக்க எஃப்ஐஓ என்ற கருவி. இதில் மூன்று இடத்தில் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். டைரக்ட்=1 (பேஜ் கேச்சைத் தவிர்க்கும் ஆப்ஷன்) போட மறந்தால் மெமரியின் வேகத்தை அளந்துவிட்டு டிஸ்க் என்று ரிப்போர்ட் எழுதுவீர்கள். புது எஸ்எஸ்டியில், ஒன்றுமே எழுதாமல், ரேண்டம் ரீடு ஓட்டினால் எண்கள் நம்ப முடியாதபடி இருக்கும். எழுதப்படாத பிளாக்குக்கு டிரைவ் ஃபிளாஷைத் தொடாமலே பூஜ்யங்களைக் கொடுத்துவிடுகிறது. முதலில் முழுக் கொள்ளளவையும் இரண்டு முறை எழுதி நிரப்புங்கள். ரைட் டெஸ்ட் என்றால் நீண்ட நேரம் ஓட விடுங்கள், உள்ளே கார்பேஜ் கலெக்‌ஷன் (பழைய பிளாக்குகளை டிரைவ் தானே துடைத்து இடம் பண்ணுவது) ஆரம்பித்த பிறகு வரும் எண்தான் உண்மையானது. மூன்றாவது, சராசரியைப் பார்ப்பது. வாடிக்கையாளர் கத்துவது 99ஆவது பர்சன்டைலுக்கு, அதாவது நூறில் மிக மெதுவாக வரும் அந்த ஒன்றுக்கு.

இன்டர்வியூவில் இந்த ப்ராஜெக்ட் ஒன்றே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடும். மற்றபடி வழக்கமானவை: லிங்க்டு லிஸ்ட், பிட் விளையாட்டு, எல்ஆர்யு கேச், லாக் வைத்து ப்ரொட்யூசர்-கன்ஸ்யூமர். "ரைட் என்று கூப்பிட்டதும் என்ன நடக்கிறது" என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வரும். பேஜ் கேச், ஃபைல் சிஸ்டம் ஜர்னல், பிளாக் லேயர், டிரைவர், டிவைஸ் என்று இறங்கிக்கொண்டே போங்கள், அவர் நிறுத்தும் இடம்வரை. சீனியர் நிலைக்கு ராஃப்ட் (நோடுகள் ஒரே முடிவுக்கு வரும் முறை), கோரம் (அதற்குத் தேவையான பெரும்பான்மை), இரண்டு நோடும் தன்னைத்தான் லீடர் என்று நினைக்கும் ஸ்பிளிட் பிரெய்ன். மைக்ரோசர்வீஸ் டிசைன் படம் போட்டுக் காட்டினால் இங்கே எடுபடாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, எஸ்கலேஷன் அல்லது சஸ்டெய்னிங் டீம் என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. புது ஃபீச்சர் எழுதுவதுதான் கௌரவம் என்று ஒரு எண்ணம். ஆனால் ஃபீல்டில் உடைந்ததைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இரண்டு வருஷம் இருந்தவருக்கு, எந்த டிசைன் எங்கே உடையும் என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு வருஷம் என்று சொல்வதும் காரணத்தோடுதான்; அதற்குமேல் அங்கேயே இருந்தால் ப்ரொமோஷன் கமிட்டியில் காட்ட டிசைன் எதுவும் கையில் இருக்காது.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். தாய்க் கம்பெனி கலிஃபோர்னியாவில் என்றால் அவர்களுக்குக் காலை எட்டரை ஆகும்போது இங்கே இரவு ஒன்பது, குளிர்காலத்தில் பத்து. வாரம் இரண்டு மூன்று இரவு மீட்டிங் நிச்சயம். பெரிய வாடிக்கையாளர்கள் அப்கிரேடை வார இறுதியில்தான் வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஊருக்கு பஸ் ஏறும் பழக்கமுள்ளவர்கள் ஆன்-கால் வாரத்தை முன்கூட்டியே பார்த்து டிக்கெட் போடுவது நல்லது. ரிலீஸ் மெதுவாக நடக்கும். ஸ்பிரிங் பூட்டில் காலையில் எழுதி மாலையில் டெப்ளாய் செய்து பழகியவருக்கு, எழுதிய கோடு வாடிக்கையாளரிடம் போய்ச்சேர ஒரு வருஷம் ஆவது முதலில் எரிச்சலாக இருக்கும். இருநூறு வரி மாற்றத்துக்கு நாலு வாரம் ரிவ்யூ என்பதும் சகஜம்.

சம்பளத்தில் அமெரிக்காவில் லிஸ்ட் ஆன கம்பெனிகள் ஒரு பகுதியை ஆர்எஸ்யூவாக, அதாவது கம்பெனிப் பங்குகளாகக் கொடுக்கும், வழக்கமாக நாலு வருஷத்தில் பிரித்து. கைக்கு வரும் நாளின் மதிப்புக்குச் சம்பளம் போலவே வரி பிடிப்பார்கள். வெளிநாட்டுப் பங்கு என்பதால், ஒன்றையும் விற்காவிட்டாலும் வருமான வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ-வில் (வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்) காட்ட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம், நோட்டீஸ் வந்தபின் ஆடிட்டரைத் தேடி ஓடுகிறார்கள். பங்குச் சந்தையில் இன்னும் இறங்காத கம்பெனி கொடுக்கும் பங்கை, கைக்குப் பணமாக வரும்வரை பூஜ்யம் என்றே எண்ணி ஆஃபரை ஒப்பிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: அழைத்த ரெக்ரூட்டரிடம் மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அதற்குள் லாகும் ரிகவரியும் மட்டுமாவது எழுதி முடித்துவிடலாம். ஹயரிங் மேனேஜரிடம் பேசும்போது நேராகவே கேட்டுவிடுங்கள்: இந்த டீம் கையில் டேட்டா பாத்தின் (டேட்டா டிஸ்க்வரை போகும் வழி) எந்தப் பகுதி இருக்கிறது, அதன் டிசைன் முடிவுகள் பெங்களூரில் எடுக்கப்படுகின்றனவா, கடைசியாக வந்த மோசமான ஃபீல்டு பிரச்சினையை யார் தீர்த்தார்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் உற்சாகமாக, விவரத்தோடு பதில் சொன்னால், கேட்ட ஹைக் கிடைக்காவிட்டாலும் சேரலாம். "முதலில் கன்ட்ரோல் பிளேனில் சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால், அந்த டீமிலிருந்து டேட்டா பாத்துக்கு மாறியவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டு, முடிந்தால் அவரிடமே பத்து நிமிஷம் பேசிவிட்டு முடிவெடுங்கள். உங்கள் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றால், சி-யை ஒழுங்காகக் கற்க அந்தக் காலமே தாராளம்.